டெங்கு காய்ச்சலா? இரத்தம் சோதிக்கப் போகுமுன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பில் பதினெட்டு வருடமாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மார்கழி மழையோடு கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை என்று எல்லாப் பக்கத்தாலும் காய்ச்சல்காரர்கள் வந்து சேருவார்கள். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "காய்ச்சல் எப்ப தொடங்கினது?" பாதிப் பேர் "முந்தநாள் போல" என்பார்கள். அந்தப் 'போல' எனக்குப் போதாது. திங்கள் இரவு எட்டு மணிக்கு உடம்பு சுட்டதென்றால் அதைக் கலண்டரிலேயே குறித்து வையுங்கள். எந்தப் பரிசோதனை பொருந்தும் என்பது அந்த நேரத்தை வைத்துத்தான்.

என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் பரிசோதனை. முதல் நாளிலிருந்தே காட்டும். ஐந்து நாள் தாண்டினால் பிடிபடுவது குறைந்துவிடும். ஐ.ஜி.எம், அதாவது வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், நாலைந்து நாளுக்குப் பிறகுதான் எழும்பும். என்.எஸ்.1 நெகட்டிவ் என்பதற்காக டெங்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

எஃப்.பி.சி, அதாவது இரத்த அணுக்களின் முழுக் கணக்கு, கட்டாயம். காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாளாவது செய்துவிடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள் அதுவரை காத்திருக்காமல் முதல் நாளே டாக்டரிடம் போகவேண்டும். என் தங்கச்சியின் மகனுக்கு முதல் நாள் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் சின்ன அணு) 2,10,000. சோதித்த இடத்தில் "டெங்கு இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் 84,000. தங்கச்சி போனில் அந்த எண்ணை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றே வார்டில் சேர்த்தோம், பிள்ளை தப்பினான். முதல் நாள் எஃப்.பி.சி நன்றாக இருப்பது வழக்கம்தான். அதை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது.

சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. இளநீர், கஞ்சி, ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்) குடித்துக்கொண்டே வாருங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், புரூபன், டைக்ளோபெனாக் வேண்டவே வேண்டாம்.

இரத்தம் எடுக்கும்போது ஊதா மூடிக் குழாயைக் கவனியுங்கள். எடுத்த கையோடு அதை ஏழெட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். விட்டால் உள்ளே சின்னக் கட்டி விழும். குச்சியால் தொட்டால் சிவப்பு நூல்போல ஒட்டிக்கொண்டு வரும். பிளேட்லெட்டெல்லாம் அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொள்ள, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். சேலைன் ஏறும் கையில் எடுத்தாலும் கணக்குப் பிழைக்கும். குழாயில் பெயரை உங்கள் கண்முன்னே எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு யாரும் கோபிக்கக்கூடாது.

றிப்போர்ட் வந்ததும் எல்லோரும் பிளேட்லெட்டைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலும் முதலில் இறங்குவது வெள்ளணு. 5,000க்குக் கீழே போனால் உசாராகுங்கள். பிளேட்லெட் 1,00,000 அளவுக்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பக்கத்திலேயே பி.சி.வி என்று ஒன்று இருக்கும், இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்ற கணக்கு. என் அனுபவத்தில் அதைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். நேற்று 35, இன்று 42 என்றால் இரத்தத்தின் நீர் நாளத்துக்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம். இந்த ஏற்றம் ஒரு றிப்போர்ட் துண்டை மட்டும் பார்த்தால் தெரியாது. எல்லாத் துண்டையும் நாள் வரிசையில் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மழையில் நனைந்து மை கரைந்த துண்டோடு வந்த ஒரு வாப்பாவை இன்னும் மறக்க முடியவில்லை.

வார்டில் திரும்பத் திரும்ப இரத்தம் எடுப்பார்கள். "இவ்வளவு எடுக்கிறீங்களே மிஸ்" என்று தாதியிடம் தாய்மார் கலங்குவார்கள். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2 மில்லிலீற்றர், தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. பி.சி.வி மட்டும் பார்க்க விரல்நுனித் துளியே போதும்.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகக் கேட்காதீர்கள். கசிவு தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்தானது. வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்வு, சிறுநீர் குறைவு, எங்காவது இரத்தக்கசிவு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த றிப்போர்ட் வரட்டும் என்று நிற்காமல் உடனே மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.