பத்தாயிரம் ரூபாய்க்குள் கார் ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

பழைய வேகன்ஆர் ஒன்றை வாங்கிய புதிதில், பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி மாட்டினேன். அட்டைப்பெட்டியில் தீ எரியும் படம், பெரிய எழுத்தில் "1000 வாட்ஸ்". கடைக்காரர், "தெருவே திரும்பிப் பார்க்கும் சார்" என்றார். திரும்பிப் பார்த்தது உண்மைதான், பலகை அடித்துக்கொண்ட சத்தத்தில். நாதஸ்வரம் போட்டால் தகரம், தவில் போட்டால் அட்டைப்பெட்டி. ஆறே மாதத்தில் கழற்றிவிட்டு, அதே அளவு பணத்தில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். அப்படிச் செய்ததில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. பணத்தை முன்கதவுக்கு ஒதுக்குங்கள்

பாட்டுக் கேட்கும்போது ஓசை நமக்கு முன்னால் இருந்து வரவேண்டும். ஓட்டுபவருக்குப் பின்சீட்டு ஸ்பீக்கரால் பெரிய பயன் இல்லை. 10,000 ரூபாய் கையில் இருந்தால் என் கணக்கு இதுதான்: ஸ்டீரியோவுக்கு 4,000, முன்கதவு ஸ்பீக்கர் ஜோடிக்கு 3,000, கதவுத் தகரம் அதிராமல் இருக்க உள்ளே ஒட்டும் டேம்பிங் ஷீட்டுக்கு 1,500, மீதி கப்ளர் (வயரை வெட்டாமல் இணைக்கும் செருகி), ஃப்ரேம் (டேஷ்போர்டில் ஸ்டீரியோவைச் சுற்றி மாட்டும் சட்டம்), கூலி. பின்னால் கம்பெனி ஸ்பீக்கர் இருந்தால் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

2. கடைக்குப் போகும் முன் வண்டியை அளங்கள்

டேஷ்போர்டில் ஸ்டீரியோ உட்காரும் இடம் இரண்டு அளவுகளில் வரும். ஒற்றை டின் என்றால் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் என்றால் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். டின் என்பது ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச்சுருக்கம். அவர்கள் வகுத்த அளவைத்தான் உலகமே பிடித்துக்கொண்டது. புதிய வண்டிகள் பலவற்றில் இந்த இரண்டும் இருக்காது. அந்த மாடலுக்கென்றே வரும் ஃப்ரேமை வாங்க வேண்டியிருக்கும்.

ஸ்பீக்கருக்கு விட்டம் மட்டும் தெரிந்தால் போதாது, ஆழமும் வேண்டும். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளின் முன்கதவில் பெரும்பாலும் 6.5 அங்குல ஸ்பீக்கர் உட்காரும். ஆனால் காந்தம் பெரிதாக இருந்தால், கண்ணாடியை முழுக்க இறக்கும்போது அதில் போய் இடிக்கும். எனவே கதவுப் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, கண்ணாடியை அடிவரை இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கிழித்தால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். மழை பெய்தால் கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அது வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான்.

3. ஸ்டீரியோ: அட்டையைப் படிக்காதீர்கள், ஃப்யூஸைப் பாருங்கள்

எந்த ஸ்டீரியோவை எடுத்தாலும் "50 வாட் × 4" என்று போட்டிருக்கும். அதாவது 200 வாட். இப்போது அந்தப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர் என்று இருக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு அதில் பாதி சூடாகவே போய்விடும். மிச்சம் 70 சொச்சத்தை நான்கு ஸ்பீக்கருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினேழு, பதினெட்டு வாட். அட்டையில் இருப்பது நொடிப்பொழுது உச்சம். தொடர்ந்து தருவது எவ்வளவு என்று தெரிய, விவரத்தாளில் ஆர்எம்எஸ் என்று பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைத் தேடுங்கள். அது 14க்கும் 22க்கும் நடுவில் இருந்தால் நேர்மையான ஸ்டீரியோ. அந்த 17 வாட் ஒரு காருக்குள் தாராளம், பயப்பட வேண்டாம்.

அப்புறம் தேவையானவை: புளூடூத், யுஎஸ்பி, பின்பக்கம் ஒரு ஜோடி ப்ரீ-அவுட் (நாளைக்கு ஆம்ப், அதாவது ஓசையைப் பெருக்கும் தனிப்பெட்டி, வைக்க ஆசை வந்தால் அதை இணைக்கும் துளை), பாஸ் எனப்படும் ஆழ்ந்த அடி ஓசையை ஸ்பீக்கருக்குப் போகாமல் வெட்டிவிடும் ஹை பாஸ் ஃபில்டர். பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு செட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் குறைந்த விலையில் 1 ஜிபி ராம் வைத்தவை ரிவர்ஸ் கேமராவைக் காட்டுவதற்குள் நீங்கள் சுவரில் இடித்திருப்பீர்கள். இந்த பட்ஜெட்டில் நல்ல பெயருள்ள ஒற்றை டின் செட்டே என் தேர்வு.

4. ஸ்பீக்கரில் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

கடையில் கோஆக்சியல், காம்பொனன்ட் என்று இரண்டு வகை சொல்வார்கள். கோஆக்சியலில் ட்வீட்டர் (கீச்சென்ற மேல் ஓசைக்கான குட்டி ஸ்பீக்கர்) நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். மாட்டுவது எளிது, விலையும் குறைவு. காம்பொனன்டில் ட்வீட்டர் தனி. அதை மேலே வைத்தால் இன்னும் அழகாகக் கேட்கும், ஆனால் கூலி கூடும். முதல்முறை என்றால் கோஆக்சியலே போதும்.

இனி எண்கள். முதலாவது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, டெசிபலில் இருக்கும். ஆம்ப் வைக்காமல் ஸ்டீரியோவில் நேராகக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம், யாரும் இதைப் பற்றிச் சொல்வதும் இல்லை. 3 டெசிபல் கூடினால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் வரும். 88 டெசிபல் ஸ்பீக்கர் 16 வாட் வாங்கித் தருவதை, 91 டெசிபல் ஸ்பீக்கர் 8 வாட்டில் தந்துவிடும். 90க்கு மேல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இரண்டாவது ஆர்எம்எஸ், இங்கே ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் வாட்: 30 முதல் 50 வரை இருந்தால் சரி. மூன்றாவது ஓம், ஸ்பீக்கரின் மின்தடை: 4 இருக்கட்டும். ஒரே வயரில் இரண்டு ஸ்பீக்கரை இணையாகக் கோத்தால் அது 2 ஓம் ஆகிவிடும், ஸ்டீரியோ சூடேறிச் செத்துப்போகும்.

5. கடையில் கேட்டுப் பார்ப்பது

சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, வரிசையாகக் கடைகள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை உங்கள் போனிலேயே கொண்டுபோங்கள். டெமோ பலகையில் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஆம்ப்பும் சப்-ஊஃபரும் (பாஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்) ஓடிக்கொண்டிருக்கும்.

"அண்ணா, சப்பை ஆஃப் பண்ணிட்டு, பாஸ், ட்ரெபிள் எல்லாம் ஜீரோல வச்சுப் போடுங்க."

"அப்படிக் கேட்டா நல்லா இருக்காது சார்."

"பரவாயில்லண்ணா, அப்படித்தான் கேக்கணும்."

குரல் தெளிவாக இருக்கிறதா, மூக்கடைத்த மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாஸ் எல்லாம் கதவைப் பொறுத்தது.

6. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைச் செருகினால் வேலை முடிந்தது, வாரன்டிச் சண்டையும் இல்லை. ஸ்டீரியோ பக்க வயர்களின் நிறம் வழக்கமாக இப்படி இருக்கும்: மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் கரண்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் மாறினால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செட்டிங்ஸ் அழிந்துபோகும். இரண்டையும் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டால் சாவியை எடுத்த பிறகும் செட் ஓடிக்கொண்டிருக்கும், காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அந்த மைனஸை பாடியில் எர்த் செய்யவே கூடாது.

ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாஸ் காணாமல் போகும். இதற்கு ஒரு எளிய சோதனை. கப்ளரை ஸ்டீரியோவிலிருந்து உருவிவிட்டு, அந்த ஸ்பீக்கர் வயர்களில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) "டப்" என்று வெளியே வரும். உள்ளே போனால் தலைகீழ்.

கதவின் வெளித்தகரத்தின் உள்பக்கத்தைத் துடைத்து, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் டேம்பிங் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்துங்கள். விரலால் தட்டினால் "டங்" என்றது "தொப்" என்று மாற வேண்டும். கடைசியில் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சின்ன ஸ்பீக்கர் தேவையில்லாமல் திணறாது.

எல்லாம் முடித்து வீட்டுக்கு வரும் வழியில் இடது கதவில் ஏதோ கரகரத்தது. இரண்டு நாள் ஸ்பீக்கரைத் திட்டினேன், பேடை மறுபடி கழற்றினேன். கதவுப் பையின் மூலையில் சுங்கச்சாவடிச் சில்லறை, ஓர் ஐந்து ரூபாய் நாணயம்.