மன்னிப்பு, மனந்திரும்புதல், ஒப்புரவு: சபைகளில் நிகழும் சில தவறுகள்

மன்னிப்பு, மனந்திரும்புதல், ஒப்புரவு (முறிந்த உறவு மீண்டும் இணைவது) ஆகிய மூன்றும் கிறிஸ்தவ விசுவாசத்தில் பின்னிப் பிணைந்தவை. ஆனால் அவை ஒன்றல்ல. மூன்றையும் ஒரே மாலையில் ஒரே அறையில் முடித்துவிட முயல்வதில்தான் நம் சபைகளின் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணையும் அடித்த கணவனையும் எதிரெதிரே உட்காரவைத்து, 'ஏழெழுபதுதரம்' மன்னிக்கவேண்டும் என்ற வசனத்தைச் சொல்லி, ஜெபித்து, அன்றிரவே அவளைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை அறியாதவர்கள் குறைவு. அவன் மனந்திரும்பினானா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

அவ்வசனம் மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரையுள்ள வசனங்கள், குற்றம் செய்தவனிடம் தனியே சென்று உணர்த்தவும், கேளாவிட்டால் இரண்டொருவரை உடன் அழைத்துச் செல்லவும், அதன்பின் சபைக்கு அறிவிக்கவும், சபைக்கும் செவிகொடாதவனை வெளியாளாக எண்ணவும் சொல்கின்றன. இந்த ஒழுங்கைக் கேட்ட பின்புதான் 'எத்தனைதரம் மன்னிக்கவேண்டும்' என்று சீடரான பேதுரு இயேசுவிடம் கேட்கிறார். முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் பாதிக்கப்பட்டவர் முன் நீட்டுவது நேர்மையான வாசிப்பு அல்ல. லூக்கா 17:3-உம் 'அவனைக் கடிந்துகொள்' என்பதை முதலில் வைத்து, 'அவன் மனஸ்தாபப்பட்டால்' மன்னிக்கச் சொல்கிறது.

இதையொட்டி வரும் இன்னொரு தவறு, மன்னிக்கச் சொல்லும்போது காயத்தைச் சிறிதாக்கிப் பேசுவது. பேதுருவுக்குச் சொல்லப்பட்ட உவமையில் ராஜா தன் ஊழியன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த கடன் பதினாயிரம் தாலந்து. அந்த ஊழியனிடம் உடன் ஊழியன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். முதலாவதோடு ஒப்பிட்டால் இரண்டாவது ஒன்றுமில்லைதான். ஆனாலும் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்பதால், நூறு என்பது ஏழைக்கு மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. பாதிக்கப்பட்டவர் இழந்தது அற்பம் என்று அந்த உவமை எங்கும் சொல்லவில்லை.

ஒப்புரவுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஆதியாகமத்தில் யோசேப்பின் வரலாற்றைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. முன்பு தம்மை விற்றுவிட்ட சகோதரர் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தபோது, அவர் அவர்களை உடனே அறிந்துகொண்டார். அப்பால் போய் அழவும் செய்தார். ஆனாலும் தம்மை வெளிப்படுத்தவில்லை. இரண்டாம் முறை அவர்கள் வந்தபோது, இளைய தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் செய்து, தம்மை விற்றதுபோல இவனையும் கைவிடுவார்களா என்று சோதித்தார். தம்மை விற்றுவிட யோசனை சொன்ன அதே யூதா, 'இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன்' என்று முன்வந்த பிறகே யோசேப்பு வாய்விட்டு அழுது தம்மை வெளிப்படுத்தினார். யோசேப்பின் உள்ளம் முன்னமே இளகியிருக்கலாம். ஆனால் உறவு திரும்பியது சகோதரர் மாறியதைக் கண்ட பின்புதான். அப்போதும் தகப்பன் இறந்தவுடன் அவர்களுக்குப் பழைய பயம் மீண்டது. அவர் மறுபடியும் அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது.

அழுகையை மனந்திரும்புதலாக எடுத்துக்கொள்வதும் தவறே. இயேசுவை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதார். அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டு முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான். பவுல், தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் 2 கொரிந்தியர் 7-இல் வேறுபடுத்துகிறார். 'நான் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்' என்பதில் குற்றமும் இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை. வரி வசூலிப்பவரான சகேயு அப்படிப் பேசவில்லை: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்று கணக்கோடு சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபையும் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) பாவமன்னிப்போடு நிறுத்தாமல், திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் கெடுத்த நற்பெயரைச் சீர்செய்யவும் கேட்கிறது. கடவுளிடம் அறிக்கையிட்டுவிட்டேன், மனிதரிடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மத்தேயு 5:23-24 போதும்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாக வேண்டும்.

மன்னித்தால் வழக்கையும் விட்டுவிட வேண்டும் என்பது மிக ஆபத்தான தவறு. தொழுநோயாளர்களுக்கு ஊழியம் செய்த கிரஹாம் ஸ்டெய்ன்ஸும் சிறுவர்களான அவருடைய இரு மகன்களும் 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஜீப்போடு எரித்துக் கொல்லப்பட்டனர். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார்; ஆனால் சட்டம் தன் வழியே சென்றது. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை 2005-இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. தண்டனை நிலைத்ததால் கிளாடிஸின் மன்னிப்பு குறைவுபட்டதாகிவிடவில்லை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தில் இது இன்னும் கண்டிப்பானது: 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகாரளிக்காமல் சபைக்குள் 'பேசி முடிப்பது' தண்டனைக்குரியது.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. மெய்யாகவே திரும்பியவனை ஆயுளுக்கும் ஒதுக்கிவைப்பது. கண்டிக்கப்பட்ட ஒருவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யும்படி பவுல் 2 கொரிந்தியர் 2-இல் கேட்கிறார். ஆனால் அன்போடு ஏற்பது பழைய பொறுப்பைத் திருப்பித் தருவது ஆகாது. காணிக்கைப் பணத்தில் கைவைத்த பொருளாளர் மனந்திரும்பினால், ஒழுங்கு நடவடிக்கை முடிந்தபின் திருவிருந்தில் அவருக்கு இடம் உண்டு. கணக்கையும் சாவியையும் வேறொருவரே வைத்திருக்கட்டும்.