நாட்டு மருந்தைக் கிளினிக்கில் மறைக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் மருந்து மூன்று வழிகளில் வீட்டுக்குள் வருகிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கி வரும் மாத்திரைகள் ஒரு வழி. கொல்லையிலும் வேலியோரத்திலும் பறிக்கும் இலை, வேர், தண்டு மற்றொரு வழி. பசார் மாலம் என்ற இரவுச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் உறவினர் கைகளிலும் வந்து சேரும் கேப்சூல் பாட்டில்களும் காப்பிப் பொட்டலங்களும் மூன்றாவது வழி. மூன்றும் போய்ச் சேருவது ஒரே வயிற்றில்தான் என்றாலும், மருத்துவரின் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டுமே.

என் தாயார் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே கைவைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர். பல ஆண்டுகளாக இனிப்புநீருக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிட்டு வருகிறார். ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறும், இரவில் ஊறவைத்த வெந்தயமும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். நான்காம் நாள் விடியற்காலை சாற்றைக் குடித்து மாத்திரையும் போட்டுவிட்டு, பசியாறாமல் பாத்திரம் கழுவப் போயிருக்கிறார். சற்று நேரத்தில் நான் போய்ப் பார்த்தபோது தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். ரவிக்கை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனியின் அளவு 2.6 மில்லிமோல். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து அளவு 4.3க்கு ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாகற்காய் நஞ்சில்லை, கிளிக்லசைடும் நஞ்சில்லை. கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, பாகற்காயும் வெந்தயமும் தம் பங்குக்குச் சீனியின் அளவைக் குறைக்கின்றன, பசியாறலும் தள்ளிப்போகவே எல்லாம் ஒரே வேளையில் கூடிவிட்டன. கிளினிக்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்பொரு முறை ஒரு கிளினிக்கில் கஷாயம் குடிப்பதாகச் சொன்னபோது அதட்டினார்களாம். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நோயாளியின் வாயை அடைக்கும் அதட்டல் எந்த மூலிகையையும் விட ஆபத்தானது என்றே நான் நினைக்கிறேன். அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டால், பாதிக்கப்படுவது நம் உடம்புதான்.

ஆகவே முதல் வேலையாக, வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போடுங்கள். மாத்திரை, லேகியம், சூரணம், வைட்டமின் பாட்டில், "உடம்புக்கு நல்லது" என்று குடிக்கும் பானத்தின் பொட்டலம் என எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றையும் எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி அல்லது எத்தனை கேப்சூல் எடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அந்தப் பையை மருந்தாளரிடம் காட்டுங்கள். எந்த மருந்து எதனுடன் சேரக்கூடாது என்று பார்த்துச் சொல்வது அவருடைய தொழில். தமிழ் தெரியாதவரானால் மலாய்ப் பெயரைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். பாகற்காய் என்றால் பெரியா, வெந்தயம் ஹல்பா, நிலவேம்பு ஹெம்பெடு பூமி, வல்லாரை பெகாகா, கருஞ்சீரகம் ஹப்பாத்துஸ் சவுடா.

சில சேர்க்கைகளை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இதய வால்வுக்காகவோ இரத்தக் கட்டிக்காகவோ வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், பூண்டு, இஞ்சி, ஜிங்கோ ஆகியவற்றின் கேப்சூல்களைக் கேட்காமல் தொடக்கூடாது. இரத்தக் கசிவு கூடும். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டைப் பற்றி இங்கே பேசவில்லை, செறிவாக்கி அடைத்த கேப்சூலைப் பற்றியே பேசுகிறேன். தைராய்டுக்குத் தைராக்சின் எடுப்பவர்கள் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சேராது. இருமலுக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்வது நம் வழக்கம். அதை நாள்தோறும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்தக் கொதிப்பை ஏற்றிவிடும். கொதிப்பு மாத்திரை "வேலை செய்யவில்லை" என்று வருந்துவோர் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களிடம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முகங்களில் தெரிந்த முகங்கள் பல. நட்சத்திரப் பழம் எனப்படும் பெலிம்பிங், அவர்களுக்கு விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரை கொண்டுபோகக் கூடியது. ஒரு துண்டுகூட வேண்டாம். அதன் உறவான பெலிம்பிங் பூலு என்ற புளிப்புக் காயைக் கொழுப்புக் குறையும் என்று சாறு பிழிந்து குடித்ததால், சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிந்து அது செயலிழந்த நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியுள்ளன. குடித்தவர்களில் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களும் அடக்கம். நோனி எனப்படும் மெங்குடுவின் சாறும் இளநீரும் பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீர் பிரிய உதவும் என்று பூனை மீசைச் செடியைக் கஷாயமிட்டுக் குடிப்பவர்களும் சிறுநீரகத்தின் நிலையைச் சோதித்து அறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஆடுதின்னாப்பாளையை மட்டும் எவரும் எந்த நோய்க்கும் உள்ளே சாப்பிடாதீர்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக இந்த அமிலம் கலந்த மூலிகையைச் சாப்பிட்ட சுமார் 100 பெண்கள் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார்கள்.

கொல்லை மருந்துக்கு வருவோம். பறிக்கும் செடி நீங்கள் நினைக்கும் செடிதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே வேலியில் படரும் பத்தாவாலியைப் பலர் சீந்தில் என்றே அழைக்கிறார்கள். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு கொடிகள். பத்தாவாலியின் தண்டில் பரு பருவாக முண்டுகள் இருக்கும். இரண்டும் கசக்கும், இரண்டையும் இனிப்புநீருக்குக் குடிக்கிறார்கள், இரண்டுமே சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் குடித்து மஞ்சள் காமாலையுடன் மருத்துவமனைக்கு வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பறிக்கும் இடமும் முக்கியம். செம்பனை வரிசைகளுக்கு இடையில் வல்லாரையும் கீழாநெல்லியும் செழிப்பாக வளர்ந்திருக்கும். பார்த்தால் பறிக்கத் தோன்றும். அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் மற்ற களைக்கொல்லிகள் பயன்பாட்டில்தான் இருக்கின்றன. மருந்துக்கு வேண்டிய செடியை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதே பாதுகாப்பு. வல்லாரைக்கு ஒரு பழைய வாளியே போதும்.

கடையிலும் ஆன்லைனிலும் வாங்கும் பொருளுக்கு வேறு விதமான சோதனை தேவை. மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்யும் முறை 1992இல் தொடங்கியது. பதிவான பொருளின் அட்டையில் எம்.ஏ.எல். (MAL) என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும், அவற்றை அடுத்து ஓர் எழுத்தும் இருக்கும். இலக்கங்களை அடுத்து வரும் அந்த எழுத்து டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, என் (N) என்றால் சத்துணவுத் துணைப்பொருள். எண் அச்சாகியிருப்பதைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். வேறொரு பொருளின் எண்ணைத் திருடி ஒட்டுபவர்களும் உண்டு. சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் (NPRA) இணையத்தளத்தில் அந்த எண்ணை இட்டு, வரும் பெயரும் தயாரிப்பாளரும் உங்கள் கையிலுள்ள பாட்டிலோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இணையம் பழகாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்க இரண்டு நிமிடம் போதும். பாட்டிலில் ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்க வேண்டும்.

இந்தப் பதிவின் பொருளையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாரம்பரிய மருந்து என்ற வகையில் பதிவாகும் பொருளின் தரமும் பாதுகாப்பும் பரிசீலிக்கப்படுகின்றன. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களுக்கு உச்ச வரம்பு உண்டு, ஈயத்துக்கு அது கிலோவுக்கு 10 மில்லிகிராம். நோயைக் குணப்படுத்துகிறது என்று மருத்துவச் சோதனையில் நிறுவப்பட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. உலோக வரம்பு வெறும் சடங்கும் இல்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஊரிலிருந்து உறவினர் பெட்டியில் வரும் பற்பம், செந்தூரம் போன்றவை எந்தச் சோதனைக்கும் உட்படாமல் வருகின்றன என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

விற்பவர் பேச்சைக் கொண்டும் ஒரு பொருளை எடைபோடலாம். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி, இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. அப்படிச் சொல்லி விற்பவர் முதல் வாக்கியத்திலேயே சட்டத்தை மீறிவிட்டார். அவருடைய மற்ற வாக்கியங்களை நம்பக் காரணம் இல்லை.

இன்னும் கவலைக்குரியது, "மூலிகை" என்ற பெயரில் ரசாயன மருந்தைக் கலப்பது. மூட்டுவலிக்கு விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும், ஆண்மைக் காப்பிகளில் சில்டெனாஃபிலும், மெலிவு மாத்திரைகளில் சிபுட்ராமினும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பத்து வருட முட்டிவலி இரண்டே நாளில் பறந்துவிட்டது, பசி நன்றாக எடுக்கிறது, முகம் பளபளவென்று உருண்டு வருகிறது என்றால் மகிழ வேண்டாம். அது ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம். கூடவே சீனியும் கொதிப்பும் ஏறும், தோல் எளிதில் கன்றிப்போகும். இங்கே ஒன்றை மிகக் கவனமாகக் கேளுங்கள்: அத்தகைய பொருளைப் பல வாரங்கள் சாப்பிட்டவர் சந்தேகம் வந்தவுடன் தானாக நிறுத்திவிடக்கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழும் நிலை வரலாம். பாட்டிலோடு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் தாமாகவே அடங்குபவை. ஆறாம் நாள் குடித்த கஷாயம் ஏழாம் நாள் பெயர் வாங்கிக்கொள்ளும். இனிப்புநீரிலும் கொதிப்பிலும் உங்கள் கையில் அளவுகோல் இருக்கிறது. கிளினிக் மருந்தைக் குறைக்காமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் காலை வெறும் வயிற்று அளவை நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் சேர்த்து, அதே நேரத்தில் அதே முறையில் தொடர்ந்து எழுதுங்கள். இரண்டு பொருளைச் சேர்த்து ஆரம்பித்தால் நன்மைக்கும் தீமைக்கும் பொறுப்பு எதன்மேல் என்று தெரியாது. சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் மாற்றம் தெரியவில்லையானால், அந்தப் பொருளுக்குச் செலவழிக்கும் வெள்ளியை நல்ல மீனுக்குச் செலவழிக்கலாம்.

பயன் உள்ளவையும் இருக்கின்றன. அவற்றை மறைப்பது நியாயமில்லை. மலச்சிக்கலுக்கு இசப்கோல், கர்ப்பகால வாந்திக்கு அளவான இஞ்சி, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை ஆகியவற்றுக்கு நல்ல சான்று உண்டு. நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது அறிந்த விஷயம். பாதம் மரத்துப்போனால் சத்து மாத்திரையை ஊகித்து வாங்காமல் இரத்தச் சோதனை கேட்டு வாங்குங்கள். மஞ்சளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மஞ்சளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். 500 மில்லிகிராம் சாரக் கேப்சூல் ஒன்றில் இருப்பதைப் பெற ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். உறிஞ்சப்படுவதற்காக மிளகுச் சாரமும் சேர்த்த இந்தக் கேப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. குழம்பு மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்பு, ஃபோலிக் மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, புதிதாக எந்த மூலிகையையும் கேட்காமல் தொடங்காதிருப்பது நல்லது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். போட்டுலிசம் என்ற நஞ்சு அபாயம் உண்டு. ஆகவே உரைமருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் கூடாது. அதில் உரைக்கும் வசம்பும் ஜாதிக்காயும்கூட அளவு மீறினால் கைக்குழந்தைக்குத் தாங்காதவை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்பே உங்கள் பட்டியலை அறுவை மருத்துவரிடம் கொடுத்து, எவற்றை நிறுத்துவது என்று கேளுங்கள்.

சிறுநீர் கடுந்தேநீர் நிறமாவது, கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு, முகமும் உதடும் வீங்குவது, கால் வீக்கம், கறுத்த மலம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் புதிதாகத் தொடங்கிய மூலிகையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு திணறினால் 999க்கு அழையுங்கள். பாட்டில், அட்டை, மிஞ்சிய தூள், பறித்த கொடியின் ஒரு துண்டு ஆகியவற்றைக் குப்பையில் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். எதைக் குடித்தார் என்று தெரிந்தால்தான் மருத்துவர் பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தில் விசாரித்துச் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும். பக்க விளைவை என்.பி.ஆர்.ஏ.வுக்குத் தெரிவிக்கும்படியும் மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்; பொதுமக்கள் தாமே நிரப்பும் படிவமும் இருக்கிறது.

என் தாயார் இன்றும் பாகற்காய் சாப்பிடுகிறார், பொரியலாக, சோற்றோடு. பனடோல் அட்டை, வெந்தய டப்பா, மருந்து நோட்டு எல்லாம் அடுப்படி ஆணியில் தொங்கும் ஒரே துணிப்பையில் இருக்கின்றன. கிளினிக் நாளன்று நான் கேட்காமலே அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறார்.