தண்ணியில மூச்சு வாங்குதா? வயித்து மூச்ச முதல்ல தரையில பழகுங்க

நீச்சல் கத்துக்கிற நிறைய பேர் கைய கால ஓரளவு சரியாவே போடுறாங்க, ஆனா பூல்ல ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள நாக்கு தள்ளிடுது. ஸ்டாமினா பத்தலன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டம் ஜிம்முன்னு கிளம்பிடுவாங்க. பெரும்பாலும் கோளாறு மூச்சுலதான் இருக்கு, உள்ள இருக்கிற காத்த வெளிய விடாமலே மேல மேல இழுத்துக்கிட்டே இருந்தா அப்புறம் இழுக்க இடமே இருக்காது, நெஞ்சு அடைச்சுக்கும், பயம் வந்துடும்.

நுரையீரலுக்கு அடியில விரிச்ச குடை மாதிரி வளைஞ்சு இருக்கிற தசைதான் டயஃப்ரம். அது சுருங்கும்போது தட்டையாகி கீழ இறங்கும், நுரையீரல் விரிய இடம் கிடைச்சு காத்து தானா உள்ள வரும், கீழ இருக்கிற இரைப்பை குடல் எல்லாம் ஒதுங்க வேற வழி இல்லாம வயிறு முன்னாடி உப்பும், இதத்தான் வயித்து மூச்சுன்னு சொல்றோம். தோளத் தூக்கி மேல் நெஞ்சால இழுக்கிற மூச்சுல கழுத்துத் தசைங்க வேலை செய்யும், அதெல்லாம் சீக்கிரம் களைச்சுப் போயிடும்.

ஒரு சின்ன கணக்கு பாருங்க. சும்மா இருக்கும்போது பெரியவங்க ஒரு மூச்சுக்கு சுமார் 500 மில்லி காத்து இழுக்கிறாங்க, அதுல 150 மில்லி தொண்டையிலயும் மூச்சுக்குழாய்லயுமே நின்னுடும், ரத்தத்துக்குப் பிரயோஜனம் இல்ல. பதட்டத்துல 250 மில்லியா குட்டி குட்டியா இழுத்தா ஒவ்வொண்ணுலயும் 100தான் உருப்படியா போகுது, ரெண்டு தடவை இழுத்தாலும் 200தான், அதே 500ஐ ஒரே மூச்சா நிதானமா எடுத்தா 350 கிடைக்கும். வாயில ஸ்னார்கல் (முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது மூச்சு விடுற குழாய்) இருந்தா வீணாகிற அளவு இன்னும் கூடும். இதுக்கு மேல, கழுத்தளவு தண்ணியில இறங்கினாலே தண்ணி நெஞ்சையும் வயித்தையும் சுத்தி அமுக்குது, அதனால தரையில வராத மூச்சு தண்ணிக்குள்ள போனதும் வந்துடும்னு எதிர்பாக்காதீங்க.

மல்லாக்க படுத்து முட்டிய மடக்கிக்கோங்க. ஒரு கை மேல் நெஞ்சுல, இன்னொரு கை தொப்புளுக்கும் விலா எலும்புக்கும் நடுவுல. முதல்ல காத்த வெளிய விடுங்க, ஆரம்பமே வெளிய விடுறதுதான். அப்புறம் மூக்கு வழியா 4 எண்ணிக்கை உள்ள, உதட்டக் குவிச்சு 6லிருந்து 8 எண்ணிக்கை வெளிய. வயித்து மேல இருக்கிற கை ஏறணும், நெஞ்சு மேல இருக்கிற கை கிட்டத்தட்ட அசையக்கூடாது. இங்க நிறைய பேர் தெரியாமலே ஒரு தப்பு பண்ணுவாங்க, காத்து உள்ள வராமலே வயித்துத் தசைய வெச்சு வயித்த வெளிய தள்ளிடுவாங்க, பாக்க வயித்து மூச்சு மாதிரிதான் இருக்கும். கண்டுபிடிக்க சுலபம், கைய எடுத்து கடைசி விலா எலும்புல பக்கவாட்டுல வைங்க, கட்டை விரல் முதுகுப்பக்கம் இருக்கட்டும். நிஜமாவே டயஃப்ரம் இறங்கினா விரலுங்க ரெண்டு பக்கமும் விலகும், கட்டை விரலுக்கு அடியிலயும் லேசா உப்புறது தெரியும். வெறும் தொப்பையத் தள்ளினா விலா அசையாது.

அது வந்துடுச்சுன்னா குப்புற படுத்துக்கோங்க, நெத்திய கை மேல வெச்சுக்கிட்டு. மூச்சு இழுக்கும்போது வயிறு தரைய அமுக்கும், இடுப்பு லேசா மேல ஏறும். என்னைக் கேட்டா இந்தப் பயிற்சிதான் ரொம்ப முக்கியம், ஃப்ரீஸ்டைல்ல உடம்பு இருக்கிறதும் இதே நிலைதானே. தினமும் அஞ்சு பத்து நிமிஷம் போதும், அப்புறம் உக்காந்து, நின்னு, நடந்துக்கிட்டே பண்ணிப் பாருங்க. தலை சுத்துச்சுன்னா தேவைக்கு மேல மூச்சு விடுறீங்கன்னு அர்த்தம், நிறுத்திட்டு சாதாரணமா விடுங்க.

தண்ணியில நெஞ்சளவு ஆழத்துல நின்னு ஆரம்பிங்க. வாயால இழுத்து, முகத்த உள்ள விட்டு, மூக்கு வழியா குமிழி விட்டுக்கிட்டே இருங்க, விட்டு விட்டு இல்லாம ஒரே சீரா. நீந்தும்போது தலையத் திருப்புற அந்த ஒரு நொடியில வெளிய விட்டு உள்ளயும் இழுக்க நேரமே கிடையாது, அதனால வாய் மேல வர்றதுக்கு முன்னாடியே காத்து போயிருக்கணும். மேல வந்ததும் இழுக்க மட்டும்தான். முட்ட முட்ட இழுக்காதீங்க, நெஞ்சு மிதந்து கால் கீழ போயிடும். 3 கை வீச்சுக்கு ஒரு மூச்சுதான் எடுக்கணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நீந்த வேண்டாம், 2க்கு ஒண்ணு தாராளமா எடுக்கலாம்.

முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு முங்குற ஸ்கூபாவுக்கும் இதே நிதானமான மூச்சுதான், ஆனா சிலிண்டர் காத்த மிச்சம் பண்றேன்னு மூச்ச அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறத விட ரெண்டு மடங்கு, அங்க நிறைய இழுத்த காத்த அடக்கிக்கிட்டே மேல வந்தா அது ரெண்டு மடங்கா விரியப் பாக்கும், நுரையீரல் கிழிஞ்சுடும். உள்ள இருக்கும்போது மூச்சு வாங்க ஆரம்பிச்சா கால் அடிக்கிறத நிறுத்துங்க, கூட வந்தவருக்கு சைகை காட்டுங்க, நீளமா வெளிய விடுங்க, அப்புறம் மெதுவா இழுங்க. ஆஸ்துமாவோ நுரையீரல்ல பழைய பிரச்சினையோ இருந்தா டாக்டர் சரின்னு சொல்லாம டைவிங் பக்கம் போகாதீங்க.

மூச்சடக்கி முங்குறவங்க இத தயவுசெஞ்சு கவனமா படிங்க. முங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா ஆழமா மூச்சு விட்டா ஆக்சிஜன் ஏறும்னு சொல்றத நம்பாதீங்க, ரத்தத்துல ஆக்சிஜன் ஏற்கனவே கிட்டத்தட்ட நிறைஞ்சுதான் இருக்கு. அப்படிப் பண்றதால குறையறது கார்பன் டை ஆக்சைடு, மூச்சு விடணும்னு உடம்பு அலறதே பெரும்பாலும் அது ஏறுறத வெச்சுத்தான். அந்த எச்சரிக்கை வர்றதுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து, ஒரு அறிகுறியும் இல்லாம மயக்கம் போட்டுடும், நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே பூல்ல இப்படி செத்துப் போயிருக்காங்க. ரெண்டு நிமிஷம் மிதந்துக்கிட்டு சாதாரண வயித்து மூச்சு விடுங்க, கடைசி ஒண்ணு மட்டும் வயிறு, விலா, மேல் நெஞ்சுன்னு வரிசையா நிரப்பிட்டு முங்குங்க. பயிற்சி தெரிஞ்ச ஒருத்தர் மேல நின்னு உங்களையே பாத்துக்கிட்டு இருக்கணும், ஆழமில்லாத பூல்லயும்தான். மேல வந்ததும் புஸ்ஸுன்னு எல்லாத்தையும் வெளிய ஊதிடாதீங்க, கொஞ்சமா விட்டு சட்டுன்னு இழுங்க, ஒரு நொடி வெச்சிருந்து மறுபடி கொஞ்சமா விடுங்க, இப்படி சில தடவை. கூட இருக்கிறவர் அதுக்கப்புறமும் ஒரு 30 நொடி உங்க முகத்தவிட்டு கண்ண எடுக்கக்கூடாது, மயக்கம் மேல வந்த பிறகும் வரும்.