கால் அடிக்கடி பிரளுதா? ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கிரவுண்டுகள் பல சமதரையாக இருப்பதில்லை. மழை பெய்தால் சறுக்கலும் சேர்ந்துவிடும். ஆனால் ஒருமுறை பிரண்ட கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரள்வதற்குத் தரை மட்டும் காரணம் இல்லை.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது அதை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிப்பது, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக இறங்கும் தசைகள். சுளுக்கில், எலும்புகளை இணைக்கும் தசைநார் நைந்தால், பாதம் எப்படிச் சாய்கிறது என்ற உணர்வு மங்கிப்போகும். அந்தத் தசைகளும் பிந்தித்தான் இயங்கும். வலி போனதும் எல்லாம் சரி என்று கரப்பந்துக்கும் கால்பந்துக்கும் ஓடுகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வலி தீர்ந்த பிறகும் பலருக்கு இந்தக் குறை தங்கிவிடும்.

வெறுங்காலோடு சுவர் ஓரமாக நின்று, முழங்காலை இலேசாக மடக்கி, ஒற்றைக் காலில் 30 நொடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 3 தடவை. பல் துலக்கும்போதே செய்யலாம். ஆட்டம் இல்லாமல் நிற்க வந்துவிட்டால் கண்ணை மூடுங்கள். அப்புறம் மடித்த கம்பளி மேல் நின்று, நண்பர் எறியும் பந்தைப் பிடியுங்கள். சின்னத் துள்ளல்கள் கடைசியில்தான். குறைந்தது 6 வாரமாவது விடாமல் செய்யுங்கள். மெச்சுக்குக் கணுக்கால் பட்டி போட்டாலும் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

புதிதாகப் பிரண்டு 4 எட்டுகூட எடுத்து வைக்க முடியாவிட்டால், எண்ணெய் போட்டு உருவாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள்.