12 பக்கத்துக்கும் ஒரே பாட்டி: ஏஐ படங்களில் கதாபாத்திரத்தின் முகம் மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

குழந்தைகளுக்கான 12 பக்கப் படக்கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாயகி ஒரு பூக்காரப் பாட்டி. முதல் பக்கத்தில் ஒடுங்கிய கன்னம், காதில் பாம்படம், நெற்றி நிறைய திருநீறு. மூன்றாம் பக்கத்தில் கன்னம் உப்பிவிடுகிறது. ஐந்தில் பாம்படம் ஜிமிக்கியாகிவிடுகிறது. எட்டில் பத்து வயது குறைந்து, நிறமும் வெளுத்துப்போகிறது. கேட்கும் குழந்தை "இது வேற பாட்டி" என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

படம் உருவாக்கும் டிஃப்யூஷன் மாடலுக்குப் போன படத்தின் ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் வெறும் புள்ளி இரைச்சலில் இருந்து புதிதாகத் தொடங்குகிறது. "சுருக்கம் விழுந்த மெலிந்த மூதாட்டி" என்ற வரிக்குப் பொருந்தும் முகங்கள் எண்ணற்றவை. அவற்றில் ஏதோ ஒன்று வரும். சொல்லை வைத்துச் சாயலைப் பிடிக்கலாம், ஆளைப் பிடிக்க முடியாது. ஆளைப் பிடிக்கப் படம்தான் வேண்டும்.

அந்தத் தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் சீட் எண்ணைப் பூட்டிவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதே சீட், அதே ப்ராம்ப்ட் (மாடலுக்கு எழுதித் தரும் வரி), அதே அமைப்புகள் என்றால் அதே படம் வரும், சரி. ஆனால் "உட்கார்ந்திருக்கிறாள்" என்பதை "நடக்கிறாள்" என்று மாற்றிய உடனே முகமும் மாறிவிடும். சீட் பெரும்பாலும் காப்பது படத்தின் பொது அமைப்பை, முகத்தை அல்ல.

ஆகவே முதல் வேலை, ஒரு தாய்ப்படம், அதாவது எல்லாப் பக்கத்துக்கும் மாதிரியாக நிற்கும் படம். சாம்பல் நிற வெற்றுப் பின்னணி, நிழல் விழாத சீரான வெளிச்சம், இடுப்புக்கு மேல், நேர்ப்பார்வை, சிரிப்போ கோபமோ இல்லாத முகம். 1024க்கு 1024 அளவில் 40, 50 படங்கள் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. தாய்ப்படத்தில் உள்ள பிழை எல்லாப் பக்கத்துக்கும் போகும். பாம்படம் போன்ற நகையைப் பல மாடல்களுக்குப் பெயர் சொன்னால் தெரியாது. துளை நீண்ட காது மடலையும், கட்டையான பொன் உருண்டைகளும் சதுரங்களும் சேர்ந்த அதன் வடிவத்தையும் நீங்களே வரைந்து தாய்ப்படத்தில் ஒட்டி, அந்த இடத்தை மட்டும் மறைத்து மீண்டும் வரையவைக்கும் இன்பெயின்டிங்கில் மெருகேற்றுங்கள். பிறகு தாய்ப்படத்தில் இருந்தே முக்கால் பார்வை, பக்கவாட்டு, முதுகுப்புறம், முழு உருவம் என நான்கு துணைப்படங்கள்.

அடுத்து ஒரு மாறாத வர்ணனை. வயது, நிறம், தலைமுடி, நகை, சேலை எல்லாம் ஐந்தாறு தொடர்களில். எல்லாப் பக்கத்திலும் இதை எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். ஒரு இடத்தில் அரக்கு, இன்னொரு இடத்தில் குங்குமச் சிவப்பு என்று எழுதினால் சேலை மாறும். நிறத்தையும் வயதையும் சொல்லாமல் விட்டால் மாடல் தன் பழக்கத்துக்குத் தோலை வெளுக்க வைக்கும், சுருக்கத்தை அழிக்கும். சொந்தக் கணினியில் ஓட்டக்கூடிய ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, எஸ்டிஎக்ஸ்எல் போன்ற மாடல்களுக்கு வர்ணனையை ஆங்கிலத்தில்தான் தர வேண்டும். அவற்றில் வர்ணனையைப் படிக்கும் கிளிப் பகுதி ஒரு தடவைக்கு 75 டோக்கன்தான் (சொல்லோ சொல்லின் துண்டோ) வாங்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் கணினியில் 3 பைட் பிடித்து, தமிழ்ச் சொல் பல துண்டுகளாக உடைவதால் சில சொற்களிலேயே இடம் தீர்ந்துவிடும், பொருளும் புரியாது. ஆள் வர்ணனை முதலில், காட்சி பிறகு.

இனி, தாய்ப்படத்தை மாடலுக்குக் காட்டும் வழிகள். ஜெமினி, சாட்ஜிபிடி போன்றவற்றில் படத்தை ஏற்றி "இதே பாட்டி, கோயில் வாசலில்" என்று கேட்கலாம். ஒரே ஒரு கட்டாய விதி: ஒவ்வொரு பக்கத்துக்கும் தாய்ப்படத்தையே ஏற்ற வேண்டும். இரண்டாம் பக்கத்தில் இருந்து மூன்றாவது, மூன்றில் இருந்து நான்காவது என்று போனால், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது போல முகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். மிட்ஜர்னி 7இல் இதற்கான வசதி ஆம்னி ரெஃபரன்ஸ்; தாய்ப்படத்தை எவ்வளவு பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் அதன் எடை இயல்பாக 100. முகம் தளர்ந்தால் மெல்ல ஏற்றுங்கள். சொந்தக் கணினியில், தாய்ப்படத்தை மாடலுக்குக் காட்டும் துணைக்கருவியான ஐபி-அடாப்டர் என்றால் எடை 0.6 முதல் 0.8 வரை. 1க்குப் போனால் முகத்தோடு சேர்த்து தாய்ப்படத்தின் நிலை, வெளிச்சம், பின்னணிச் சாம்பல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

நூறு படம் தேவைப்படும் தொடர் என்றால் லோரா பயிற்சிதான் சரி, அதாவது பாட்டியின் படங்களைக் காட்டி மாடலுக்கு அவளைக் கற்றுத்தரும் சிறு கூடுதல் பயிற்சி. 20, 25 படங்கள் போதும்: பத்து முக அண்மைக்காட்சி, எட்டு அரை உருவம், மீதி முழு உருவம், பின்னணியும் வெளிச்சமும் விதவிதமாக. ஒவ்வொரு பயிற்சிப் படத்துக்கும் விளக்கவரி எழுதும்போது எதைக் குறிப்பிடுகிறீர்களோ அது மாற்றக்கூடியதாக இருக்கும். எழுதாமல் விட்டது பாட்டியை அழைக்க நீங்கள் வைக்கும் அடையாளச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, சேலையை எழுதுங்கள், பாம்படத்தை எழுதாதீர்கள். படத்தை இடவலமாகத் திருப்பும் வசதியை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் வலப்பக்க மூக்குத்தி பாதிப் படங்களில் இடப்பக்கம் வந்து நிற்கும். எந்தப் படத்திலும் ஒரே முகபாவம் வந்தால் பயிற்சி மிஞ்சிவிட்டது. பயிற்சியின் நடுவே சேமித்த முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். உயிரோடிருக்கும் ஒருவர் முகத்தில் பயிற்சி தருவதானால் அவர் சம்மதம் முதலில்.

முழு உருவப் படத்தில் முகம் குழைவதற்குக் காரணம் வேறு. எஸ்டிஎக்ஸ்எல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. பாட்டி தெருக்கோடியில் நிற்க, முகம் 64 பிக்சல் அகலம் என்றால், மாடலின் கைக்கு வருவது எட்டுக்கு எட்டு கட்டம். அதில் மூக்குத்தியை எங்கே வைப்பது? முகத்தை மட்டும் மறைத்து, அந்தப் பகுதியைப் பெரிதாக்கி வரையும் இன்பெயின்டிங்கை, டீநாய்ஸ் (பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு) 0.35இல் ஓட்டுங்கள். 0.6க்கு மேல் போனால் வேறு ஆள் வந்துவிடுவார்.

செவ்வந்திக் கூடையின் மஞ்சள் சேலைக்கு ஏறினாலும் இதே வழி: சேலையை மட்டும் மறைத்து மீண்டும் வரைவது. பாட்டியோடு பேத்தியும் வந்தால் இருவர் சாயலும் கலக்கும். ஒருவரை முடித்துவிட்டு மற்றவரைத் தனியே சேருங்கள்.

எல்லாப் பக்கமும் முடிந்ததும் 12 முகங்களையும் ஒரே அளவில் வெட்டி, தாய்ப்படத்தை இடது ஓரத்தில் வைத்து, ஒரே வரிசையில் அடுக்குங்கள். முதலில் வண்ணத்தில் பாருங்கள், பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணுக்கும் புருவத்துக்கும் இடைவெளி, தாடையின் முனை, காது மடலின் நீளம் இந்த மூன்றும்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பொருந்தாத முகத்தைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பக்கத்தைத் தாய்ப்படத்தில் இருந்து புதிதாகவே எடுங்கள்.