கர்ப்பகாலத் தடுப்பூசி: "அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்

கர்ப்பத்தின்போது போடும் ஊசி தாய்க்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம் பாருங்கள், மற்ற தவறுகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

கக்குவான் இருமலையே எடுத்துக்கொள்வோம். அதற்கான முதல் தடுப்பூசி குழந்தைக்குப் பிறந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் போடப்படும். அதற்குள் கிருமி தொற்றினால், பச்சிளம் குழந்தைக்கு இருமல்கூட வராமல் போகலாம். திடீரென்று மூச்சு நிற்கும், உதடு நீலம் பாரிக்கும். அந்த வாரங்களில் குழந்தைக்குப் பெரிய காவல், அம்மாவின் ரத்தத்திலிருந்து வந்துசேர்ந்த ஆன்டிபாடிகள்தான், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதங்கள்.

அவை உடனே வந்துவிடுவதில்லை. கர்ப்பிணிக்குக் கக்குவான் ஊசி போட்டபின் அவர் உடலில் ஆன்டிபாடி நன்றாக உயர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பிறகு நஞ்சுக்கொடி அதில் ஐஜிஜி வகையைப் பிடித்துக் குழந்தைக்குக் கடத்துகிறது. கடைசி மூன்று மாதங்களில் இது வேகமெடுக்கும். நிறைமாதத்தில் குழந்தையின் ரத்தத்தில் தாயிடம் இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கும். அதனால், தேதி நெருங்கட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால், அதிகம் பாதுகாப்பு தேவைப்படும் அந்தக் குழந்தைக்கே குறைவாகக் கிடைக்கும். அமெரிக்காவில் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 16ஆவது வாரத்திலிருந்தே போடலாம்.

"போன பிரசவத்துக்கே போட்டாச்சே" என்பது அடுத்த தவறு. கக்குவானுக்கான ஆன்டிபாடி சீக்கிரம் குறைந்துவிடும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் போட வேண்டும். இங்கிலாந்தில் 2012இல் கக்குவான் பரவி, அந்த ஆண்டில் மட்டும் 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். பிறந்து முதல் சில வாரங்களில் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது தெரியவந்தது. இந்த ஒரு விவரம் போதும் எனக்கு.

ஃப்ளூ ஊசியையும் சாதாரணச் சளிக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. கர்ப்பிணிக்கே ஃப்ளூ வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாக வரலாம். எந்த மாதத்திலும் போடலாம். ஆனால் ஊசியாகத்தான், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ்.

இதே காரணத்தால்தான் ருபெல்லா, தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளைக் கர்ப்பத்தின்போது போடுவதில்லை. இவற்றைப் போட்டபின் ஒரு மாதமாவது கழித்துக் கருத்தரிப்பது நல்லது. கர்ப்பம் தெரியாமல் போட்டுவிட்டீர்களா? பதற வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவைக் கலைக்க அது காரணமே இல்லை.

தாய்ப்பால் கொடுத்தால் போதும், ஊசி எதற்கு என்றும் கேட்கிறார்கள். தாய்ப்பால் மிக நல்லது. ஆனால் அதில் அதிகம் இருப்பது ஐஜிஏ என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி. அது குடலையும் தொண்டையையும் காக்கும். ரத்தத்தில் சுற்றும் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, அம்மா போட்டுக்கொண்டாரே என்று குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடலாமா? கூடாது. தாய் தந்த ஆன்டிபாடி சில மாதங்களில் கரைந்துவிடும். அட்டவணைப்படி முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். ருபெல்லா எதிர்ப்பு இல்லாத தாயும் பிரசவம் முடிந்ததும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.